நாலு கேள்வி, ஒரு நிமிடம்

"ஜெயிக்கப் போற வழக்குக்கு எதுக்கு, டாக்டர், துப்பறியிற ஆளு?" என்று கேட்டாள் ரேடியோ.

மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள் துருவி. வந்த வேலையைக் கெடுப்பதில் நாத்தனாருக்கு நிகர் நாத்தனார்தான்.

துருவி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருடம் பொய் விபத்துகளையும் போலி மரணங்களையும் துருவித் துருவிக் கேட்டதற்காக உடன் வேலை பார்த்தவர்கள் வைத்தது. ரேடியோ அவள் கணவரின் தங்கை. சினிமாவில் முகம் காட்டாமல் குரல் மட்டும் கொடுத்துப் பிழைத்தவள். கதாநாயகியின் தோழி, கூட்டத்தில் கத்துகிற கிழவி, தொட்டிலில் அழுகிற பிள்ளை, எல்லாம் அவள் தொண்டைதான். அந்த வேலை போனபின் அண்ணிக்குக் கார் ஓட்டுகிறாள். வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அறுபது வயது மனிதர், இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். கிளினிக் வாசலில் 'இன்று விடுமுறை' பலகை தொங்கியது.

"அவங்க கேட்டது நியாயம்தான். இன்னிக்கு நாலு மணிக்கு குத்துச்சண்டை வாரியத்துல விசாரணை. புகார் கொடுத்தது சம்மட்டியோட மனைவி. ஆனா கோச்சும் சம்மட்டியோட அண்ணனும் எனக்குச் சாதகமா எழுதிக் கொடுத்துட்டாங்க. டாக்டர் மேல தப்பு இல்லேன்னு ரெண்டு பேரும் சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குத் தெரியல. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

சனிக்கிழமை மாலை நடந்த பத்துச் சுற்றுச் சண்டை அது. மேடையில் சம்மட்டி என்று பெயரெடுத்த அந்த இளைஞன் எட்டாவது சுற்றில் விழுந்தான். மண்டைக்குள் ரத்தக்கசிவு. அறுவை செய்தார்கள். திங்கட்கிழமை காலை பத்தரை மணியாகியும் அவன் கண் திறக்கவில்லை.

"உங்க வேலை என்னன்னு முதல்ல சொல்லுங்க டாக்டர்," என்றாள் துருவி.

"முந்தின நாள் எடை பார்க்கறப்பவே கண்ணு, கை, ரத்த அழுத்தம், பழைய ஸ்கேன் எல்லாம் பார்த்துடுவேன். சண்டை அன்னிக்கு மறுபடியும். வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்குதா, உள்ளே டிரைவர் இருக்காரான்னு பார்த்த அப்புறம்தான் மணி அடிக்க விடுவேன். பிறகு மேடைப் படிக்கட்டு ஓரமா நாற்காலி போட்டு உட்காருவேன். சுற்றுக்குச் சுற்று ஒரு நிமிஷம் இடைவேளை. சந்தேகம் வந்தா ஏறிப் பார்க்கலாம். நான் வேண்டாம்னு சொன்னா நடுவர் நிறுத்திடுவார்."

"அடிக்க ரெண்டு பேர், அடியை எண்ண மூணு பேர், போதும்னு சொல்ல நீங்க ஒரே ஆளு," என்றாள் ரேடியோ.

"ஆமா. நாலாயிரம் பேர் சண்டை நடக்கணும்னு வந்திருப்பாங்க. நடக்கக் கூடாதுன்னு சொல்றதுக்காகவே ஒருத்தனை உட்கார வெச்சிருக்காங்கன்னா அது நான்தான்." டாக்டர் தண்ணீர் குடித்தார். "ஆறாவது சுற்று முடிஞ்சு அவன் நடந்த நடை எனக்குப் பிடிக்கல. ஏறினேன். கண்ணுல வெளிச்சம் அடிச்சுப் பார்த்தேன், ரெண்டு பாவையும் ஒரே அளவு. மூக்குல ரத்தம் கொட்டிட்டிருந்தது, துண்டை வெச்சு அழுத்தியிருந்தாங்க. நாலு கேள்வி கேட்டேன். நாலுக்கும் பதில் வந்தது. போகலாம்னு சொல்லிட்டு இறங்கினேன்."

சட்டைப் பையிலிருந்து சிறிய குறிப்பேட்டை எடுத்து நீட்டினார். கிறுக்கலான எழுத்து. துருவி வாய்விட்டுப் படித்தாள்.

"எத்தனை சுற்று முடிஞ்சது? ஆறு. எதிராளி டவுசர் என்ன கலர்? பச்சை. நாளைக்கு என்ன கிழமை? ஞாயிறு. முன் வரிசையில எழுந்து நிக்கிறாங்களே, அவங்க யாரு? பாப்பாவோட அம்மா."

"மூணு கேள்வி வழக்கமானது. பசங்க பாடம் பண்ணிட்டு வந்துடுவாங்க. அதனால நாலாவதை மட்டும் அந்தந்த நேரத்துல யோசிச்சுக் கேட்பேன். அவன் மனைவி முன் வரிசையில நின்னு கையை ஆட்டிட்டிருந்தாங்க. அவங்களைக் காட்டிக் கேட்டேன்."

"அவன் எப்படிச் சொன்னானோ அதே மாதிரி சொல்லிக் காட்டுங்க."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். நடிப்பு வராத மனிதர். ஆனாலும் ஒவ்வொரு பதிலையும் பட், பட்டென்று, தெளிவாக, இடைவெளியில்லாமல் சொன்னார்.

"டேக் சரியில்ல," என்றாள் ரேடியோ.

"என்னது?"

"ஓடி வர்ற பொண்ணுக்கு நான் குரல் கொடுக்கணும்னா முதல்ல இருபது தடவை குதிச்சுட்டுத்தான் மைக் முன்னாடி நிப்பேன் டாக்டர். இல்லேன்னா டைரக்டர் எழுந்து வந்து திட்டுவார். வசனத்துல மூச்சு வாங்கணும். நீங்க சொல்லிக் காட்டினதுல மூச்சே இல்ல. ஆறு சுற்று அடி வாங்கினவன் சோபாவுல சாய்ஞ்சு பேப்பர் படிக்கிற மாதிரியா பேசுவான்?"

டாக்டர் குறிப்பேட்டைத் திரும்ப வாங்கிப் பதில்களை மறுபடி பார்த்தார்.

"அவன் உதடு அசைஞ்சதைப் பார்த்தீங்களா?" என்றாள் துருவி மெதுவாக.

"துண்டு மறைச்சிருந்தது."

"துண்டைப் பிடிச்சிருந்த கை யாரோடது?"

"வெள்ளை ரப்பர் கையுறை போட்ட கை. அவ்வளவுதான் தெரியும். நான் கண்ணைப் பார்த்துட்டிருந்தேன்." அவர் குரல் இறங்கியது. "இடைவேளைக்கு அவன் உட்கார்ற மூலையில அனுமதி இருந்தது ரெண்டு பேருக்குத்தான். கோச்சுக்கும் அண்ணனுக்கும்."

"உங்களுக்கு நல்ல சர்டிபிகேட் கொடுத்த அதே ரெண்டு பேர்," என்றாள் துருவி, எழுந்துகொண்டே.

காரில் ஏறியதும் ரேடியோ சாவியைத் திருகினாள். "நான் கோச் மேல பந்தயம் கட்டுறேன் அண்ணி. தோத்தா அவன் பேர்தானே போகும்."

"முதல்ல ஆஸ்பத்திரி. அந்த நாலாவது பதில் எனக்கு உறுத்துது."

"எது? பாப்பாவோட அம்மா? சரியான பதில்தானே?"

"சரியான பதில்தான். உங்க அண்ணன் கிட்ட என்னைக் காட்டி இது யாருன்னு கேட்டா என்ன சொல்வார்?"

"தெரியாதுன்னு சொல்லிட்டு ஓடுவார்," என்றபடி ரேடியோ கியரை மாற்றினாள்.

*

தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள். சம்மட்டியின் மனைவி முதல் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். முப்பது வயதுகூட இருக்காது.

"டாக்டர் அனுப்பினாரா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"ஆமா. ஆனா அவரைக் காப்பாத்த அனுப்பல. நடந்தது என்னன்னு கண்டுபிடிக்கத்தான்."

அவள் துருவியை ஒரு கணம் அளந்தாள். பிறகு பேசினாள். "ஆறாவது சுற்று முடிஞ்சதும் அவர் எதிராளியோட மூலைக்கு நடந்தார். அங்கே போய் நின்னுட்டு முழிச்சார். நடுவர்தான் கையைப் பிடிச்சுத் திருப்பி விட்டார். நான் எழுந்து நின்னு நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்தினேன். அந்த டாக்டர் ஏறினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்த்தார். போகட்டும்னு கையைக் காட்டிட்டு இறங்கிட்டார்."

"உங்க வீட்டுக்காரர் உங்களை எப்படிம்மா கூப்பிடுவார்?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"காரணம் இருக்கு."

"டீச்சர்னுதான். வீட்லயும் டீச்சர், வெளியிலயும் டீச்சர். யாராவது கேட்டாலும், இவங்க எங்க டீச்சர்னு சொல்லிச் சிரிப்பார்."

"பாப்பாவோட அம்மான்னு சொல்வாரா?"

"சொன்னதே இல்ல." சற்று யோசித்தாள். "அப்படிச் சொல்றது அவரோட அண்ணன்தான். தம்பி பொண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூச்சம் அவருக்கு. எப்பவும் பாப்பாவோட அம்மாதான்."

ரேடியோவின் வாய் திறந்தது. துருவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டது.

"ரெண்டு பேர் குரலும் ஒரே மாதிரி இருக்குமா?"

"போன்ல நானே பல தடவை ஏமாந்திருக்கேன்."

"இப்ப அவர் எங்கே?"

"கீழே, ரெண்டாவது மாடிப் படிக்கட்டுல. சனிக்கிழமையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கார். மேலே வாங்கன்னு ஆள் விட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டேன். வரமாட்டேங்கிறார்."

கண்ணாடிக் கதவு திறந்து பணியிலிருந்த பெண் மருத்துவர் வெளியே வந்தார். கையில் கேஸ் தாள். சாயந்திரம் வரை பார்க்கலாம், இப்போதைக்கு இரண்டாவது அறுவை வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது என்றார்.

"ஒரு சந்தேகம் டாக்டர்," என்றாள் துருவி. "எந்தச் சுற்றுல அடிபட்டதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"எட்டாவது சுற்றுலதான். ஆறாவது முடிஞ்சப்ப தெளிவா பேசியிருக்கார், நாலு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கார். கூட இருந்தவங்க சொன்னது இங்கே எழுதியிருக்கு."

"ஒருவேளை அப்பவே பேச்சு போயிருந்தா?"

மருத்துவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். "அப்போ கணக்கே வேற. நாங்க வேற இடத்துல தேடணும். சாயந்திரம் வரைக்கும் காத்திருக்கவும் கூடாது. ஏன், அப்படி ஏதாவது தெரியுமா?"

"சந்தேகம்தான். அந்த மூலையில நின்ன ஒருத்தர் வாயால சொல்லணும். வாங்கிட்டு வர்றேன்."

"சீக்கிரம்," என்றார் மருத்துவர். "அதுக்குள்ள நான் ஒரு ஸ்கேனுக்குச் சொல்லி வைக்கிறேன்."

காருக்குத் திரும்ப லிப்டில்தான் இறங்கினார்கள். "படிக்கட்டுல போய் அவரைப் பிடிக்கலாமே," என்றாள் ரேடியோ.

"பிடிச்சு என்ன சொல்றது? பாப்பாவோட அம்மான்னு ஒரு வார்த்தை இருக்குன்னா? அவர் இல்லேன்னு தலையாட்டினா நம்ம கதை முடிஞ்சது. அவர் தட்டிக்கழிக்க முடியாதபடி ஒண்ணு வேணும். கோச்சைப் பார்க்கலாம், வேகமா ஓட்டு."

"அதைச் சொல்லணுமா," என்றாள் ரேடியோ.

*

பயிற்சிக்கூடம் ஒரு பழைய கிடங்கு. மணல் மூட்டைகள் சங்கிலியில் தொங்கின. தைல வாடையும் வியர்வை வாடையும் சுவரில் ஊறியிருந்தன. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஒரு மணி அடித்தது, யாரும் பயிற்சி செய்யாதபோதும்.

கோச் ஐம்பது வயதுக் குண்டு மனிதர். பேச வாய் திறந்ததும் ரேடியோவின் பந்தயம் போயிற்று. காற்றுப் போன டயர் மாதிரி ஓர் உரசல்தான் வெளியே வந்தது. எப்போதோ தொண்டையில் வாங்கிய குத்து.

"போலீஸா?" என்றார்.

"இல்ல. நீங்க எழுதிக் கொடுத்த கடிதத்துல ஒரு வரி பத்திக் கேக்கணும். அவன் பதில் சொன்னதை நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன். காதால கேட்டேன்."

"பார்த்தீங்களா?"

கோச் தயங்கினார். "நான் கயித்துக்கு வெளியே குனிஞ்சு வீக்கத்துக்கு ஐஸ் எடுத்துட்டிருந்தேன். மூக்கையும் வாயையும் நான் பார்த்துக்கறேன்னு அண்ணன் சொல்லிட்டான். பையன் குரல் வந்தது. சரியாத்தான் பேசறான்னு நானும் விட்டுட்டேன்."

"இடைவேளையில பல் கவசத்தை என்ன பண்ணுவீங்க?"

"உட்கார்ந்த உடனே எடுத்து டம்ளர் தண்ணியில போடுவோம். கழுவி, மணி அடிக்கறப்போ திரும்ப வைப்போம். அது வாயில இருந்தா மூச்சும் விட முடியாது, பேசவும் முடியாது."

"புதுசு ஒண்ணு இருக்கா?" என்றாள் ரேடியோ.

அலமாரியிலிருந்து உறை பிரிக்காத ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ரேடியோ அதைக் கழுவி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்பின. ஒரு துண்டை எடுத்து மூக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டு பேசிப் பார்த்தாள்.

"ஹாஹாஹோத அங்ஙா."

மறுபடியும் முயன்றாள். அதே அங்ஙாதான். கவசத்தைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"அண்ணி, டப்பிங்ல முதல்ல கத்துக்கொடுக்கிறதே இதைத்தான். ப-வும் ம-வும் ரெண்டு உதடும் ஒட்டாம வராது. மத்த எழுத்தை எப்படியாவது ஏமாத்திடலாம். பாப்பாவோட அம்மால இருக்கிறது பூரா பாவும் மாவும்தான். கவசம் வாயில இருந்திருந்தா அந்தப் பதிலை அவன் சொல்லியிருக்கவே முடியாது."

"வாயில இருந்ததுன்னு யார் சொன்னது?" என்றார் கோச்.

"யாரும் சொல்லல. பார்க்கணும்," என்றாள் துருவி. "அந்த நேரத்துல யாராவது படம் எடுத்திருப்பாங்களே."

மேசைமேல் கிடந்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை கோச் நகர்த்தினார். விளையாட்டுப் பக்கத்தில் பாதி அளவுக்கு ஒரு புகைப்படம். கைவிளக்கைப் பிடித்துக் குனிந்திருக்கும் டாக்டர். அண்ணாந்து உட்கார்ந்திருக்கும் சம்மட்டி. மூக்கிலிருந்து தாடை வரை துண்டு. துண்டைப் பிடித்தபடி, தம்பியின் காதோடு முகத்தை ஒட்டி வைத்திருக்கும் அண்ணன். தம்பியை முத்தமிடப் போகிறவன் போல அவன் உதடுகள் குவிந்திருந்தன. ப சொல்கிறவன் உதடும் அப்படித்தான் இருக்கும்.

துருவியின் விரல் அங்கே நிற்கவில்லை. கயிறு கட்டிய தூணுக்குப் பக்கத்தில், மேடை விளிம்பில் வைத்திருந்த கண்ணாடி டம்ளரில் போய் நின்றது.

"இதுதானே அந்த டம்ளர்?"

கோச் குனிந்து பார்த்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது. தண்ணீரைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

கூடத்தின் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. "கவசத்தை எடுக்கவே இல்லையா?" என்றார், தனக்குத்தானே. "எடுத்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வாய் தொங்கிப் போயிருக்கும், வார்த்தை குழறியிருக்கும். அடப்பாவி."

"அண்ணனுக்கும் டாக்டருக்கும் முன்னாடி ஏதாவது உண்டா?"

"பதினோரு வருஷமா டாக்டர் எதிர்ல வந்தா இவன் அந்தப் பக்கம் திரும்பிப் போவான். இவனும் சண்டை போட்டவன்தான். பெரிய பட்டத்துக்கான சண்டையில முன்னாடி போயிட்டிருந்தான். நாலாவது சுற்றுல டாக்டர் நிறுத்திட்டார். அதோட முடிஞ்சது. டாக்டருக்கு அவன் முகம்கூட ஞாபகம் இருக்காது."

"அப்படிப்பட்டவன் டாக்டருக்குச் சாதகமா கடிதம் எழுதினப்போ உங்களுக்கு ஆச்சரியமா இல்லையா?"

"பெருந்தன்மைன்னு நினைச்சேன்," என்றார் கோச்.

"டாக்டர் மேல தப்புன்னு சொன்னா அந்த ஒரு நிமிஷத்தைத் தோண்டுவாங்க. தப்பே இல்லேன்னு சொல்லிட்டா மூடிடுவாங்க," என்றாள் துருவி. பேப்பரை மடித்துக் கைப்பையில் வைத்தாள். மணி ஒன்றேமுக்கால்.

*

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில், படிக்கட்டு திரும்பும் இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். அகன்ற தோள், உடைந்து ஒட்டிய மூக்கு. முழங்காலுக்கு நடுவே கைகளைக் கோத்திருந்தான். மேலும் கீழும் போகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

துருவி அவனுக்குப் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள். ரேடியோ இரண்டு படி கீழே நின்றுகொண்டாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் துருவி.

"பசி இல்ல."

"இன்னிக்கு என்ன கிழமை?"

அவன் திரும்பிப் பார்த்தான். "திங்கள். நீங்க யாரு?"

"நாலு மணிக்கு விசாரணை இருக்கு, அது சம்பந்தமா வந்திருக்கேன். இது எத்தனாவது மாடி?"

"ரெண்டு. ஏன் இதெல்லாம் கேக்கறீங்க?"

"மேலே, கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்காங்களே, அவங்க யாரு?"

"பாப்பாவோட அம்மா," என்றான்.

சொன்ன பிறகுதான் அது அவனுக்கே கேட்டது. துருவி பேப்பரை விரித்து அவன் முழங்கால்மேல் வைத்தாள். டம்ளரைத் தொட்டுக் காட்டினாள். அவன் பார்த்தான். பிறகு பார்வையைச் சுவருக்கு மாற்றிக்கொண்டான்.

"என் பொண்டாட்டின்னு சொல்லியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது," என்றாள் துருவி. "தம்பி மனைவியை அப்படிச் சொல்ல உங்க நாக்கு எழும்பல."

அவன் கோத்திருந்த கைகளைப் பிரித்துப் பேப்பரின் ஓரத்தைப் பிடித்தான்.

"ஏன் செஞ்சீங்க?"

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இதே டாக்டர் மேலே ஏறி, கண்ணு எப்படி இருக்குன்னு கேட்டார். இடது கண்ணுல பூச்சி பறக்கிற மாதிரி இருக்குன்னு உண்மையைச் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை மேடம். சண்டையை நிறுத்திட்டார். ஜெயிச்சிட்டிருந்தவன் நான். அதுக்கப்புறம் யாரும் என்னைக் கூப்பிடல." அவன் மேல்மாடியை நோக்கித் தலையசைத்தான். "இவன் மூலைக்கு வந்து உட்கார்ந்தப்பவே பேச்சு இல்ல. கவசத்தை எடுத்தா தெரிஞ்சிடும். அதனால எடுக்கல. ரெண்டு சுற்று தாண்டிட்டா தெளிஞ்சிடுவான்னு நினைச்சேன். எனக்கு எத்தனையோ தடவை தெளிஞ்சிருக்கு. எனக்கு நடந்தது இவனுக்கு நடக்கக் கூடாதுன்னுதான்."

"அன்னிக்கு நிறுத்தின அப்புறம் கண்ணுக்கு என்ன பண்ணாங்க?"

"ஆபரேஷன். உள்ளே திரை கிழிய ஆரம்பிச்சிருந்ததாம்."

"இப்ப இந்தப் பேப்பர்ல சின்ன எழுத்து தெரியுதா?"

"தெரியுது."

"ரெண்டு கண்ணுலயுமா?"

மேலிருந்து இறங்கிவந்த ஒரு நர்ஸ், நடுவில் வழியில்லாமல் சற்று நின்று, சுவரோரமாகப் போனாள். அவன் வலது உள்ளங்கையால் வலது கண்ணை மூடினான். இடது கண்ணால் சின்ன எழுத்தை வாய்க்குள் படித்தான். கை அப்படியே முகத்தில் தங்கிவிட்டது. தோள் குலுங்கிற்று.

ரேடியோ தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர்தான் தப்பிச்சிட்டாரே," என்றான் அவன், முகத்தை மூடியபடியே. "என் கடிதத்தாலதான் தப்பிச்சார். இதோட விட்டுடுங்க மேடம். நான் எப்படியும் செத்தவன்தான்."

"விசாரணை கிடக்கட்டும். மேலே உங்க தம்பியோட கேஸ் தாள்ல ஒரு வரி இருக்கு. ஆறாவது சுற்று முடிஞ்சப்ப தெளிவா பேசினார்னு. சொன்னது நீங்க. அதை நம்பித்தான் அவங்க சாயந்திரம் வரை காத்திருக்காங்க. அப்பவே பேச்சு இல்லேன்னு தெரிஞ்சிருந்தா காத்திருக்கவே மாட்டாங்க."

அவன் கையை எடுத்தான்.

"அவனுக்காக நீங்க பேசினது அன்னிக்கு ஒரு நிமிஷத்தோட முடியல," என்றாள் துருவி. "ரெண்டு நாளா நீங்கதான் அவன் வாயா இருந்து பேசிட்டிருக்கீங்க."

அவன் எழுந்தான். முதல் படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு விநாடி நின்றான். அப்புறம் இரண்டு இரண்டு படியாக ஏறினான்.

அவர்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அந்தப் பெண் மருத்துவரிடம் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்றையும் மறைக்கவில்லை. தவறான மூலைக்கு நடந்தது, கேட்டதற்கு முழித்தது, இடது கை தொங்கியது. மருத்துவர் இரண்டே கேள்வி கேட்டார். பிறகு திரும்பி உள்ளே ஓடினார். ஐந்து நிமிடத்தில் தள்ளுகட்டில் வெளியே வந்தது.

சம்மட்டியின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கட்டில் தாழ்வாரத்தின் திருப்பத்தில் மறைந்தபின் அண்ணன்காரனைப் பார்த்தாள்.

"அவர் எழுந்ததும் நீங்களே சொல்லுங்க," என்றாள். "உங்களுக்குப் பதிலா நான் சொல்ல மாட்டேன்."

*

நாலு மணிக்கு வாரியத்தின் நீள மேசைக்கு முன்னால் டாக்டர் நின்றார். துருவி புகைப்படத்தை வைத்தாள். கோச் தன் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு எழுதிக் கொடுத்தார். வாரியத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, டாக்டர் ஏமாற்றப்பட்டிருக்கிறார், புகாரில் சாரமில்லை, முடித்துவிடலாமா என்று மற்றவர்களைக் கேட்டார்.

"முடிக்காதீங்க," என்றார் டாக்டர்.

ரேடியோ துருவியின் கையைக் கிள்ளினாள்.

"அவங்க என்னை ஏமாத்தினது உண்மை. ஆனா மேலே ஏறினா வாயைப் பார்க்கணும், கவசத்தை எடுக்கச் சொல்லணும், துண்டை விலக்கச் சொல்லணும். புதுசா வர்ற டாக்டர்களுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கேன். அன்னிக்கு நான் செய்யல. ஒரு கையை நகர்த்துங்கன்னு சொல்லியிருந்தா போதும். அதோட அந்தப் பொண்ணு நின்னு கத்தினது எனக்குக் கேட்டது. அவங்க யாருன்னு கேள்வி கேட்கத்தான் எனக்குத் தோணிச்சு. என்ன சொல்றாங்கன்னு கேட்கத் தோணல. இதையும் எழுதிக்கங்க."

எழுதினார்கள். ஒரு வருடம் அவர் எந்த மேடைக்குப் பக்கத்திலும் உட்காரக் கூடாது என்று தீர்ப்பானது. அண்ணன்காரனுக்கு ஆயுள் முழுக்கத் தடை. டாக்டர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

"நாம கஷ்டப்பட்டு ஜெயிச்சுக் கொடுத்த கேஸை மனுஷன் நின்ன இடத்துல தோத்துட்டாரே," என்றாள் ரேடியோ வெளியே வந்ததும்.

"அவர் அதுக்குத்தான் நம்மைக் கூப்பிட்டார்," என்றாள் துருவி.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு மணிக்குப் போன் வந்தது. மண்டையின் மற்றப் பக்கத்தில், ஆறாவது சுற்றிலேயே தொடங்கிய கசிவு ஒன்று இருந்திருக்கிறது. எடுத்துவிட்டார்கள். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் எடுத்தும் பயனிருந்திருக்காது என்றார் அந்தப் பெண் மருத்துவர்.

மூன்றாம் நாள் சம்மட்டி கண் திறந்தான். ஒன்பதாம் நாள் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினான். இனி எந்தக் காலத்திலும் கையுறை மாட்ட முடியாது, இடது கால் சரியாக மாதங்கள் ஆகும் என்று அவனிடம் சொல்லப்பட்டது. அன்று பிற்பகல் அண்ணன் உள்ளே போனான்.

துருவியும் ரேடியோவும் அப்போது தாழ்வாரத்தில் இருந்தார்கள். கதவில் பதித்த கண்ணாடி வழியே பார்க்க முடிந்தது, கேட்க முடியவில்லை. அண்ணன் கட்டில் ஓரத்தில் நின்றபடி பேசினான். கையைக் கட்டவும் இல்லை, நீட்டவும் இல்லை. வெகுநேரம் பேசினான். பாதியில் தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகும் அண்ணன் நிறுத்தாமல் முடிவு வரை சொன்னான். சொல்லி முடித்தும் நகரவில்லை.

மருந்து கொடுக்கிற நேரம் வந்தது. நர்ஸ் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். சம்மட்டியின் மனைவியும் பின்னால் போய், மூலையிலிருந்த நாற்காலி ஒன்றை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தாள். யாருக்கென்று சொல்லவில்லை. அண்ணன் உட்காரவில்லை.

தம்பி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊசி போடுகிறபோதும் திரும்பவில்லை. நர்ஸ் டிரேயை எடுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு அவன் குரல் கேட்டது. மெலிந்து, குழறி, ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சு வாங்கியபடி வந்த குரல்.

"உட்காருண்ணா," என்றான். "கால் வலிக்கும்."